ஐந்து ஆறு ஏழு எட்டு

மழை ஆறு மணிக்கு என்றது கைபேசி.
நாலரைக்கே வந்து ஏறி நின்றது
நீசென் மலைமேல்,
பெயரில் மட்டும் நீசமான அந்த அழகன்மேல்,
கருத்த எருமை ஒன்று
அசைபோட்டுக்கொண்டு நிற்பதுபோல.

ஃப்ருட்டிகன் விளையாட்டுத் திடல்.
கோல் கம்பங்களுக்கு நடுவில் மேடை.
வைக்கோல் கட்டுகள் வாடகைக்கு:
கட்டு ஒன்று எட்டு பிராங்க், நனைந்தால் பன்னிரண்டு.
ஆளுயரப் பிளாஸ்டிக் கள்ளிச்செடி
இரண்டு தரம் காற்றில் விழுந்து
இப்போது கம்பத்தோடு கட்டப்பட்டிருக்கிறது,
பிடிபட்ட திருடன் மாதிரி.

நான் மிக்ஸருக்குப் பின்னால்.
முப்பத்திரண்டு வழிகளில் ஏழாவது இரைகிறது
காலையிலிருந்து.
ஏழாவதுதான் அவளுடைய குரல்.

சுவரொட்டியில் அவள் மேபல் ஃப்ரீமன்.
மேடைக்குப் பின்னால் ரோஸ்மரி சுர்ப்ரூக்,
கிழமையில் ஐந்து நாள்
மஞ்சள் பஸ் ஓட்டுகிறவள்.
டெக்ஸாஸ் போயிருக்கிறாயா என்றேன்.
மிலான் வரைக்கும், என்றாள்,
அதுவும் இந்தச் சப்பாத்து வாங்க.
காலைத் தூக்கிக் காட்டினாள். பாம்புத் தோல்,
பாம்பு அறியாத தோல்.

அவளுக்கு இடப்பக்கம் ஹான்ஸ்யூர்க்,
முன்னால் படுத்துக் கிடக்கும் ஸ்டீல் கிட்டார்.
இரும்புத் துண்டை அவர் தந்திமேல் நகர்த்த
ஒரு சுரம் தன் வீட்டை விட்டிறங்கி
அடுத்த வீட்டு வாசல்வரை போய்த் திரும்புகிறது.
கமகம், என்று வாய்க்குள் சொன்னேன்.
அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் விளக்க வேண்டும்,
சவுண்ட் செக்கில் மிச்சம் நாலு நிமிஷம்.

மேடைக்குக் கீழே மரத்தளம்.
ஷ்பீட்ஸிலிருந்து நாற்பது பேர்,
வரிசை நடனக் கழகம், குஞ்சம் வைத்த சட்டை.
முன்வரிசையில் பல்வைத்தியர் ஒருவர்
பெருவிரல்களை இடுப்புவாரில் செருகி
உலகத்தின் கடைசிக் கடமைபோலத் திரும்புகிறார்.

மூன்றாவது பாட்டில் மின்னல்.
என் முன்னால் முப்பத்திரண்டு வெளிச்சமும் செத்தது.
ஹான்ஸ்யூர்க் இரும்புத் துண்டைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
அவள் வாய் அசைகிறது; சொல் வரவில்லை.
மரத்தளம் மட்டும் நிற்கவில்லை.
ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.
பல்வைத்தியர் உரக்க எண்ண
எண்பது சப்பாத்தும் ஈரப் பலகையில் விழுகின்றன,
இசை நின்றது தெரியாததுபோல,
அல்லது
இனிமேல் தேவையில்லை என்பதுபோல.

அவள் கிட்டாரை வைத்துவிட்டு இறங்கினாள்.
பன்னிரண்டு பிராங்க் ஆகிவிட்ட ஒரு கட்டின்மேல் ஏறி
அந்தக் கால்களின் மேலேயே பாடத் தொடங்கினாள்.
காலையிலிருந்து நான் ஊதிப் பெருக்கியதைவிடச்
சின்னக் குரல்.
ஓரம் சிராய்த்தது. காதருகே வந்தது.

இரண்டாம் சரணத்துச் சொற்கள்
உள்ளங்கையில் எழுதியிருந்தவை.
மழை அவற்றை நீல மையாக
முழங்கைக்கு இறக்கிவிட்டிருந்தது.
கையைப் பார்த்தாள். ஒரு தாளம் தவறியது.
பிறகு, அதே மெட்டில்,
அக்செட்டன், ஹிர்ட்ஸ்போடன்,
அடல்போடன் அஞ்சலகம், எல்லாரும் இறங்கவும்.

பள்ளத்தாக்கே சிரித்தது.
இரண்டாம் தரம் சிரிக்கவில்லை.
அந்த நிறுத்தங்களில் ஏதோவொன்றில்
ஆளுக்கொரு கதவு திறந்திருக்க வேண்டும்.
கடைசிச் சொல்லைக் கூடவே இழுத்துப் பாடினார்கள்,
பொலிஸ்காரரும், ராக்லெட் சுரண்டுகிற பெண்ணும்.
நானும்தான். நான் ரயிலில் வருகிறவள்,
என் நிறுத்தம் அதில் இல்லை.

மின்சாரம் வந்தது.
ஏற்பாட்டாளர் கூடாரத்திலிருந்து கையை ஆட்டினார்:
ஏற்று, ஏற்று.
விரல் ஏழாவதின்மேல் இருந்தது.
அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

கேபிள் சுற்றும்போது வந்து கேட்டாள்,
தலைமயிர் சொட்டச் சொட்ட,
சத்தம் எப்படி இருந்தது என்று.
ஏழாவது இரையவில்லை, என்றேன்.
நல்லது, என்றாள்,
ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்து
தண்ணீரைப் புல்லில் ஊற்றிக்கொண்டே.