அரை வேகம்

பழுதான பிரிண்டரில் கழற்றிய மோட்டர்.
பன்னிரண்டு வோல்ட்டில் பேய் பிடித்த ஓட்டம்;
அடைப்பெட்டி முட்டையில் ரெண்டு சுவரில்.

ரெசிஸ்டர் போட்டேன். அது கொதித்தது,
மோட்டர் முனகியது, தட்டு அசையவேயில்லை.

கஸ்தூரியார் வீதியில் மொஸ்பெட் ஒன்று வாங்கி
ஈயம் வைத்து ஒட்டிய பிறகுதான் பிடிபட்டது:
குறைத்துக் கொடுக்கக் கூடாது.
முழுதாய்க் கொடு, முழுதாய் நிறுத்து,
நொடிக்கு ஆயிரம் தரம்.
குமிழைத் திருகினேன்.
தட்டு சாய்ந்தது, முட்டைகளுக்கே தெரியாமல்.

உடனே கரண்ட் போனது.
கொக்குவில் முழுக்க இருட்டு.
மின்சார சபைக்கும் இதே வித்தைதான்,
என்ன, கொஞ்சம் ஆறுதலாகச் செய்கிறது.

வதனி போர்வையோடு எழும்பி வந்தாள்.
"எத்தினை மிச்சம்?"
"பத்தொன்பது."
அவள் டோர்ச் பிடிக்க
ஒவ்வொன்றாய்க் கையால் திருப்பினேன்.