பிடி

ராஸ் லஃபான், மூன்றாம் யார்டு.
குழாய்களுக்கு எண் அடிப்பவன் நான்.
தகரத்தில் எட்டு வெட்டும்போது
குறுக்கே பிடி விடவேண்டும்.
விடாவிட்டால் எட்டின் கண் இரண்டும் உதிர்ந்து
குழாயில் வெறும் கறுப்பு விழும்.
பிடி இருந்த இடம்
அடித்தபின் பெயின்ட் படாத இடைவெளியாய்த் தெரியும்.
புதிதாய் வருகிறவர்கள் அதைத்தான்
பிழை என்பார்கள்.

நேற்று எனக்கே ஒரு கண் உதிர்ந்தது.
திருத்தத்துக்குக் கையெழுத்து வாங்க
இன்ஸ்பெக்டர் மொரிகாவாவின் கேபினுக்குப் போனேன்,
நாற்பத்தாறு டிகிரியிலிருந்து
பதினெட்டுக்கு.

வெல்டிங் வரைபடங்களுக்கும்
தீயணைப்பு அட்டவணைக்கும் நடுவே
கசக்கிப் பிரித்ததுபோல் ஒரு தாள்.
பதின்மூன்று பேர் தரையில்,
எல்லோருக்கும் பெரிய கண்.
நடுத்தட்டில் முழு மீன்,
அதற்கும்.

அப்பம் எங்கே என்று தேடவில்லை நான்.
சங்கராதான், சந்தேகமில்லை.
மணப்பாட்டில் பிறந்தவனிடம்
வேறு பேர் சொல்லி விற்க முடியாது.

"கிறிஸ்டியன்?" என்றேன்.
"மனைவி" என்றார் நிமிராமல்.
பிறகு, "எனக்கு மீன்."

அவருடைய ஆறு ஆங்கிலச் சொல்லும்
என்னுடைய ஏழும் சேர்ந்து
புரிந்தது இவ்வளவு:
கெட்டித் தாளில் வெட்டுவார்களாம்.
வெட்டிய வழியே அரிசிப் பசை.
பசை உட்கார்ந்த இடம் சாயம் குடிக்காது.
கழுவினால் வெள்ளையாய் எழும்பும்.

மூடிவைத்ததால் வெளுத்த முகங்கள்.
வெளியே சிலுவை இல்லாத
எங்கள் வெள்ளிக்கிழமைக் கோயில்
ஒரு நொடி வந்து போனது.

ஆனாலும் தொழில்காரன் கண்
பிடியைத்தான் தேடும்.
அருளப்பர் தோள் இராயப்பர் தாடியில்,
தாடி கிண்ணத்தில்,
கிண்ணம் ஆண்டவரின் கைமடிப்பில்.
தனியாய் நிற்பது
ஒரு விரல்கூட இல்லை.
பணப்பையோடு வாசலைப் பார்க்கிறவனைக் கடைசியில் கண்டேன்.
அவன் முழங்கையும்
பக்கத்துச் சீடனின் சட்டையில்
ஓர் அரிசி அகலத்துக்கு ஒட்டியிருந்தது.
வெட்டியவன் கத்தி
அங்கே வந்து நின்றிருக்கும்.
அறுத்திருந்தால்
பந்தியே கிழிந்திருக்கும்.

"இஞ்ஞாசி, எட்டு மறுபடியும் அடிப்பாயா?"
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.
அடிக்கிறேன் என்றேன்.

இரவு கேம்ப், பதினான்காம் அறை.
நாளிதழ் விரித்து நடுவில் குழம்புச் சட்டி.
இந்தக் கரண்ட் அடுப்பு புதிது,
சட்டைகளுக்கு அடியில் குடியிருக்கிறது.
பழையதைக் கேம்ப் பாஸிடம் சொன்னவன்
சூசைமரியான்.
தலைக்கு ஐம்பது ரியால் போனது.
பதினொரு நாளாய் அவனுக்கு
மேல்கட்டிலில் குப்பூசும் தயிரும்,
சுவரைப் பார்த்த முதுகும்.

நான் அவனைக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டேன் என்று சொன்னால் பொய்.
என் ஐம்பது ரியாலும்
இன்னும் ஆறவில்லை.

"தள்ளி உட்காருடா" என்றான் பெலவேந்திரன்,
"இவ்வளவு இடம் கிடக்கிறதே."
நான் தள்ளவில்லை.
அவனுக்கும் எனக்கும் நடுவே
ஓர் ஆள் அகலம்
குழம்பு படாமல் கிடந்தது தாள்.

மேலே கட்டில்
ஒருமுறை முனகியது.