மூன்றாம் ஊதல்

வெள்ளைக்கல் குழியில் மூன்று முறை ஊதுவார்கள்.
முதல் ஊதலுக்குச் சம்மட்டியைக் கீழே போடணும்.
இரண்டாவதற்குத் தகரக் கொட்டகைக்குள் ஓடணும்.
மூன்றாவது நமக்கில்லை, திரிக்கு.
ஜாகீர் அம்மாபாளையத்தில்
நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும்.
ஆறு வருஷம் ஊதியவனே நீதான்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம்.
இனிக் குறைய என்ன இருக்கிறது,
மாதையா.

ரங்கூனில் அரிசி மூட்டை தூக்கினால்
இங்கே கிடைப்பதற்கு மூன்று பங்கு என்று
மேஸ்திரி சொன்னான். போனாய்.
இரண்டு மாதத்துக்கு ஒரு மணியார்டர்,
பன்னிரண்டு ரூபாய்,
அடியில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரே வரி:
சுகம். மழை அதிகம்.
ஐப்பசிக்கு வந்தது. மார்கழிக்கு வரவில்லை.
சூரமங்கலம் தபாலாபீசில்
சன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் பதினோரு பேர்.
"ரங்கூனே இல்லையாம், மணியார்டர் எங்கிருந்து வரும்?"
உள்ளே இருந்தவர் கெட்டவர் இல்லை.
பசை தடவிக்கொண்டே சொன்னார்.

வைகாசியில் பெத்தான் வந்து சேர்ந்தான்.
காடு, மலை, சிட்டகாங்கு, கல்கத்தா.
பாதத்தில் தோல் இல்லை.
தரையில் கால் ஊன்ற முடியாமல்
கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே சொன்னான்:

செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும்.
சங்கு ஊதுச்சு.
யாரும் ஓடலை அக்கா.
கிட்டங்கியிலிருந்து எல்லாரும் வெளியே வந்தாங்க,
நம்ம ஆள், தெலுங்கு ஆள், பர்மாக்காரன், சுருட்டு விக்கிறவ.
அவ்வளவு உயரத்துல அவ்வளவு வெள்ளி.
தேர் பாக்கிற மாதிரி அண்ணாந்து நின்னோம்.
மாதையன் மூட்டையை இறக்கிட்டு
விரல் நீட்டி எண்ணினான், சத்தமா.
பத்தொன்பது வரைக்கும் கேட்டுச்சு.

அதற்குப் பிறகு அவன் சொன்னதில்
பாதி என் காதில் ஏறவில்லை.
அள்ளிப் போட லாரி வந்ததாம்.
யார் எவர் என்று பார்க்காமல் அள்ளினார்களாம்.
சாயங்காலம் லாரிக்காரனும் ஓடிப்போனானாம்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை.
ஊதிவிட்டு,
குழியோரம் எவளாவது கூடையைத் தேடி நின்றால்
அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறவன் நீ.
உனக்கு ஏன் கால் எழவில்லை?

இப்போது கல்லுக்குக் கிராக்கி.
சண்டை முடியும் வரை வேலைக்குப் பஞ்சமில்லை என்று
குமாஸ்தா சிரிக்கிறார்.
நாலணா கூலி ஐந்தணா ஆகிவிட்டது.
இந்தக் கல்தான் உலைக்குள் சுவராம்.
எந்தத் தீக்கும் உருகாதாம்.
உள்ளே இரும்பு தண்ணீராய்க் கொதிக்குமாம்.
அந்த இரும்பு என்ன ஆகும் என்று கேட்டேன்.
"உனக்கெதுக்கு அது? மூட்டையை எண்ணு."
எண்ணினேன். பதினெட்டு. பத்தொன்பது.
அதற்கு மேல் நாக்கு எழவில்லை.
இன்னொன்று என்றேன். இன்னொன்று. இன்னொன்று.
வேகன் நிறைந்தது.
எந்த ஊரில் எவன் அண்ணாந்து நிற்கப் போகிறானோ.

கூடுதல் ஓரணாவுக்கு மண்ணெண்ணெய் வாங்கினேன்.
பொய் சொல்வானேன்,
வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று, இரண்டாவது ஊதல்.
எல்லாரும் கொட்டகைக்குள்.
நான் போகவில்லை.
சாவதற்கு இல்லை, பிள்ளை இருக்கிறது.
பார்க்கணும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.
மூன்றாவதை ஊதினான் உன் இடத்துக்கு வந்த பையன்.
தரை ஒருமுறை மூச்சை இழுத்தது.
ஏற்காட்டு மலையை மறைத்துக்கொண்டு
கல் எழும்பியது, மாதையா,
வெயிலில் ஒவ்வொன்றும் தனித்தனியாய் மின்னி,
கீழே வர மனமில்லாதது போல
நின்றது.

கால் எழவில்லை.

ஏழு வரை எண்ணியிருப்பேன்.
செங்கம்மா கொண்டையைப் பிடித்து
உள்ளே இழுத்துப் போட்டாள்.
தகரத்தின் மேல் சடசடவென்று மீதி.

அரை நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள்.