டபிள்யூவுக்கு மெல்ல நடக்கத் தெரியாது

இஞ்சியோனில் பூப்யோங் ரயில் நிலையத்தின் எதிரே
மூன்றாம் மாடி விளையாட்டுக் கூடம்.
இரவுப் பணி எனக்கு.
விடிகாலை நான்கரைக்கு விசைப்பலகைகளை
ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டுவேன்.
நூடுல்ஸ் துணுக்கு, கடித்துத் துப்பிய நகம்,
ஒருமுறை ஒரு பால்பல்.
எண்பத்தாறு பலகைகளிலும்
டபிள்யூதான் முதலில் வழுக்கையாகிறது.
எல்லோருக்கும் முன்னால்தான் போக வேண்டியிருக்கிறது.
பின்வாங்கும் எஸ்
கடையில் வாங்கிய மேனிக்கு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஓக்-சுன் வருவார்.
கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு,
சீருடையோடு.
முகத்துண்டில் சுற்றிய கன்ட்ரோலரை
அவித்த சோளக்கதிர்போல் சூடாகப் பிரிப்பார்.
இருபத்தேழாம் இருக்கை.
பக்கத்தில் சான்-உக்.
"சித்தி, சண்டைக்குக் கரண்டியோடு வந்திருக்கீங்களே!"

அவன் மவுஸ் அரை அங்குலம் அசையும்.
அதற்குள் முதுகுக்குப் பின்னே திரும்பி
எவன் நெற்றியிலோ பொட்டு வைத்திருப்பான்.
ஓக்-சுன் பேருந்தைத் திருப்புவதுபோலத் திருப்புவார்,
கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போடாத குறையாக.
திரும்பி முடிப்பதற்குள் இரண்டு முறை செத்திருப்பார்.

"உங்களுக்குக் குறி தானாகப் போய் ஒட்டுது. அது கள்ளாட்டம்."
"நீ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வை. அப்புறம் பேசு."

நான் யார் பக்கமும் சேர்வதில்லை,
அடுப்பில் ராம்யோன் கொதிக்கிறது.
(உள்ளுக்குள் மவுஸ் கட்சி.
சான்-உக் வயதில் அவனைவிட வேகம் நான்.)

ஒரு செவ்வாய் அதை மறந்துவிட்டுப் போனார்,
துண்டோடு.
கூடம் காலி. செருகிப் பார்த்தேன்.
விரலே வைக்கவில்லை,
சிப்பாய் இடப்பக்கமாக நகர்கிறான்,
ஈர மணலில் நண்டுபோல.
தேய்ந்த குச்சி.
பிடித்து மெல்ல முன்னால் சாய்த்தேன்.
நடந்தான்.
இன்னும் கொஞ்சம். எட்டி நடந்தான்.
முழுக்கச் சாய்த்தால்தான் ஓட்டம்.
டபிள்யூவுக்கு இந்த நடுவெல்லாம் கிடையாது.
ஓடு, இல்லை நில்.
நான்கு வருடமாக இந்தப் பாலத்தை
ஓடியே கடந்திருக்கிறேன்.
கைப்பிடிக் கம்பியில் ஒரு சட்டை காய்கிறது.
நீலக் கோடு போட்டது, ஒரு பொத்தான் இல்லாதது.
எந்த ஊரில் யார் உட்கார்ந்து
யார் பார்ப்பதற்காக வரைந்தார்களோ.

அப்போது சுட்டார்கள்.
உள்ளங்கை இரண்டும் அதிர்ந்தன.
கீழே போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை தேடி வந்தார்.
ஒப்புக்கொண்டேன்.
"அதிர்ந்துதா?"
"ஆமாம்."
"போன குளிர்காலம் வண்டிக்கடியில் ஒரு பூனை.
ஸ்டியரிங்கில் இவ்வளவுதான் தெரிஞ்சுது" என்று
சுண்டுவிரலால் மேசையை ஒரு தட்டு.
பிறகு இருபத்தெட்டாம் இருக்கையைப் பார்த்தார்.
"அந்தப் பையன் ராத்திரிக்கு நூறு பேரைச் சுடறான்.
அவன் கைக்கு யாரும் ஒண்ணுமே சொல்றதில்லை."

குச்சியை மாற்றலாம், செலவு அதிகமில்லை என்றேன்.
"இடப்பக்கம் இழுக்கிற வண்டிதான் எனக்குப் பழக்கம்,"
துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.
அடுத்த செவ்வாய் வந்து
சான்-உக்கிடம் ஒன்பது முறை செத்தார்.

நான் இன்னும் மவுஸ்தான்.
வேகத்தின் ருசி அப்படி.
ஆனால் அந்தப் பாலம் வந்தால் மட்டும்
டபிள்யூவை விட்டு விட்டுத் தட்டுகிறேன்.
விக்கல் எடுத்தவன்போல
நடக்கிறான் என் சிப்பாய்.
எதிர்க்கரையில் எவனோ சிரித்துக்கொண்டே
குறி வைக்கிறான்.

சட்டை இன்னும் காயவில்லை.