பரங்கிச்சக்கை

கடலூர் முதுநகர் மண்டியிலிருந்து வந்த சாக்கு.
ஓரத்தில் நீல மையில் நாலு சீன எழுத்து,
ஒவ்வொன்றும்
அலசாமல் காயப்போட்ட வலைத்துண்டு மாதிரி
சிக்கிக் கிடந்தது.
"சக்கைதானே கேட்டீங்க?" என்றார் கபீர்.
நான் பலாச்சக்கையை நினைத்துப் போயிருந்தேன்.
தராசில் விழுந்ததோ முண்டும் முடிச்சுமாய் ஒரு வேர்.
இஞ்சியின் உருவம், கருங்காலியின் பிடிவாதம்.
வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும்
சூரை மீன் சதையின் சிவப்பு.

முழங்கையில்தான் ஆரம்பித்தது எனக்கு.
அரசு ஆஸ்பத்திரியில் சித்த மருத்துவ டாக்டர் பொண்ணு
சீட்டில் எழுதினாள்: செதில் உதிர் நோய்.
படித்ததும் சிரித்துவிட்டேன்.
பதினேழு வருஷமாய்ச் செதில் சுரண்டுகிற கை,
எந்தக் கொடுவா சாபம் விட்டதோ.
அவள் சிரிக்கவில்லை.
"தொத்தாது" என்றாள் இரண்டு தரம்.
மூன்றாம் தரம் சத்தமாக,
வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்து.

தொத்தாதுதான்.
ஆனாலும் அகரத்துத் தெருக்களில்
காசை என் உள்ளங்கையில் வைக்காமல்
அன்னக்கூடைக்குள் போட்டார்கள்.
அஞ்சு ரூபாய் நாணயம்
சங்கராவின் கண்ணுக்குப் பக்கத்தில்
இன்னொரு கண்ணாய்க் கிடந்து பார்த்தது.
தில்லைநாயகி என்ற பேர் எப்போது போனது தெரியவில்லை.
"செதில்காரி வந்துட்டா" என்று
ஒரு குழந்தை உள்ளே ஓடிச் சொன்னது.
பொய் சொல்லவில்லை அது.

நாற்பத்தெட்டு நாள் பத்தியம்.
உப்பில்லை, புளியில்லை, மீன் இல்லவே இல்லை.
கருவாட்டு வாசனைக்குத் தடை போடலாமா என்று
பேனாவை நிறுத்தி யோசித்துவிட்டு விட்டாள்.
கடைசி வரி: பரங்கிக்காய் ஆகாது.
"பரங்கிக்குப் பரங்கி ஆகாதுன்னா
நான் பரங்கிப்பேட்டையில இருக்கலாமா, டாக்டர்?"
அப்போதுதான் சிரித்தாள்.

மில்லில், கல்லு போயிடும் என்று கைவிரித்தார்கள்.
பாலாவியில் அவித்துக் காயவைத்து
படகுக்கு ஆணி அடிக்கிற சுத்தியலால்
இரண்டு ராத்திரி உடைத்தார் வீட்டுக்காரர்.
யாரு வூட்ல தச்சு வேலை என்று பக்கத்தில் கேட்டார்கள்.
பழைய வேட்டியில் சலித்தால்
இளஞ்சிவப்பாய் இறங்கியது தூள்.
சின்னவள் பவுடர் என்று கன்னத்தில் பூசிக்கொண்டாள்.

பதினொன்றாம் நாள், முடசல் ஓடையில்,
படகு மோதிய அலை என் வாயில் அறைந்தது.
துப்பினேன்.
பிறந்ததிலிருந்து முதல் முறையாகக்
கடலைத் துப்பினேன்.

உப்பில்லாத ராத்திரிகளில் தூக்கம் இல்லை.
நாக்கு சும்மா கிடந்தால் புத்தி எதையாவது மெல்லும்.
கப்பலில் வந்தவன் பேர் தெரியாமல் பரங்கி என்றோம்.
அவன் இறங்கிய மண்ணுக்கு அவன் பேர்.
அவன் காலத்துப் புண்ணுக்கும் அவன் பேர்,
புண்ணுக்கு மருந்தாய் வந்த வேருக்கும்.
வேர் அவன் ஊர்க்காரனே இல்லை.
சீனத்து மலைச்சரிவில், முள்ளுக்கொடிக்கு அடியில்
யாரோ கெல்லி எடுத்தது.
எடுத்தவளுக்குக் கை கிழிந்திருக்கும்.
அவள் வாயில் அதற்கு வேறு பேர் இருக்கும்,
செல்லமாய்க்கூட இருக்கலாம்.
ஒரே கப்பலில் ஏறியதால்
வழியிலேயே தொலைத்துவிட்டது.

இடது முழங்கை மழமழவென்று ஆகிவிட்டது.
வலது அப்படியேதான் இருக்கிறது.
இன்னொரு மண்டலம் பார்க்கலாம் என்றாள் டாக்டர்.
அன்று சாயங்காலம் ஒரு கல் உப்பை
நாக்கில் வைத்துக்கொண்டு
பேசாமல் நின்றேன், கரையும் வரை.
நாளைக்கு மறுபடி கிடையாது.

கபீரிடம் காலிச் சாக்கைக் கேட்டு வாங்கி வந்தேன்.
இப்போது கூடைக்கு மூடுதுணி அதுதான்.
ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும் ஊறி ஊறிச்
சாக்கு கறுத்துவிட்டது,
நீல எழுத்து போகவில்லை.
என்னடி அது எழுதியிருக்கு என்று
ஐயனார்கோயில் தெருவில் ஒருத்தி கேட்டாள்,
காசைக் கூடைக்கு மேலே பிடித்தபடி.

எம் பேரு, என்றேன்.