பிழைத்தவை

நான்கு நாளைக்கு ஒரு சுற்று.
ஒரு செம்பனைக்கு ஒரு கட்டி,
நீல மெழுகு, தீப்பெட்டி அளவு.
தின்றிருந்தால் இன்னொன்று வை.
நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கினால் நிறுத்து.
பதினேழாம் பிளாக், எலிமருந்துக் கணக்கு,
தவமலர் என்று கையெழுத்து.

முதல் வருஷம் இறங்கியது.
அடுத்த வருஷமும்.
மூன்றாம் வருஷம் நூற்றுக்கு எண்பது தின்றன,
தின்றுவிட்டு மறுநாளும் வந்தன.
மருந்து கெட்டுப்போச்சு என்றார் மண்டோர்.
பெட்டியில் தேதி சரியாகத்தான் இருந்தது.

ஆராய்ச்சி நிலையத்துப் பையன்
ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.
பலசாலின்னு நெனைக்காதீங்க அக்கா,
ரத்தம் உறையிற கணக்குல எங்கேயோ ஓர் எழுத்து மாறிக் கெடக்கு.
மருந்து வர்றதுக்கு முன்னாலேயே
ஏதோ ஒரு பாட்டனுக்கு இருந்திருக்கும்,
ஒண்ணுக்கும் உதவாம.
சத்துக் கொறைஞ்சா மொதல்ல சுருள்றது இதுதான்.
மருந்தை நிறுத்துங்க, பத்து வருஷத்துல
இது இருந்த எடம் தெரியாது.

சொல்லிவிட்டு எலியைப் பைக்குள் போட்டுக்கொண்டு
பெஸ்தாரி ஜெயா பேருந்துக்கு ஓடினான்.
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது.

ஞாயிறு, கோயில் மண்டபத்தில் தன்முனைப்பு முகாம்.
ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர்.
நான் மைலோ கலக்கினேன்.
கோலாலம்பூரிலிருந்து வந்த புவனேந்திரன்
வெண்பலகையில் பெரிதாக எழுதினார்:
தக்கன பிழைக்கும்.
கீழே ஒரு சிங்கம் வரைந்தார்,
பிடரி நன்றாக வந்திருந்தது.
இயற்கையின் சட்டம் தம்பிகளே,
வலுத்தவன் நிற்பான், மற்றவன் உதிர்வான்.
உதிர்வதற்கு உதாரணமாக
கடைசி வரிசையில் தூங்கிய லோகதாசனை
அவர் விரல் தேடிப் பிடித்தது.
பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை அவனுக்கு.
எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

இந்தச் சட்டத்தை முன்பே பார்த்திருக்கிறேன்.
பழைய தோட்ட ஆபீசை இடித்தபோது
குப்பையில் கிடந்த துரையின் பதிவேடு,
எந்த இனம் வெயிலுக்குத் தக்கது,
எந்த இனம் கணக்குக்குத் தகாதது,
சாய்ந்த அழகான கையெழுத்தில்.
ஓரத்தை எலி தின்றிருந்தது.
மரங்களை அவர்களே ஒட்டுக்கட்டி நிறுத்தினார்கள்,
ஒரே உயரம், ஒரே இடைவெளி.
ஆட்களையும் அப்படி நிறுத்திவிட்டு
இயற்கை என்று பெயர் வைத்தார்கள்.

மைலோ ஆறிக்கொண்டிருந்தது.
நான் சிங்கத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் பார்த்தேன்.
பிழைக்கும்.
பிழை, பிழைப்பு.
தப்பு, தப்பித்தல்.
தவறியதற்கும் தங்கியதற்கும்
இரண்டு முறை ஒரே வேரை வைத்திருக்கிறது இந்த மொழி,
யாரும் பரிசோதனைக்கூடம் போகாமலே.
கப்பல் ஏறியவர்களை ஊர் என்ன சொன்னது?
பிழைக்கப் போனவர்கள்.
வல்லவர்கள் என்று சொல்லவில்லை.

சிங்கம் இங்கே எங்கே இருக்கிறது?
இருப்பது வெள்ளை ஆந்தை.
அலறினால் சாவு என்று கல்லெறிந்து விரட்டியது,
இப்போது கம்பத்தில் பெட்டி அடித்து
கம்பெனியே குடிவைத்திருக்கிறது.
அபசகுனம் சம்பளமில்லாமல் வேலைக்கு வருகிறது.
ஆந்தை அதேதான். காலம் மாறிவிட்டது.

கேட்டிருக்கலாம். ஐயா,
எதற்குத் தக்கது? எந்த வருஷத்து மருந்துக்கு?
கேட்கவில்லை. கையில் கரண்டி இருந்தது.
லோகதாசன் எழுந்து வந்து
இன்னொரு கோப்பை இருக்கா என்றான்.
அடியில் சீனி தங்கியிருந்ததைக் கலக்கிக் கொடுத்தேன்.

திங்கள், பதினேழாம் பிளாக்.
ரஃபீக்குல் எண்ணிச் சொல்ல நான் எழுதினேன்:
எண்பத்து மூன்று.
'தின்றவை' என்று போடவேண்டிய கட்டத்தில்
'பிழைத்தவை' என்று போட்டிருக்கிறேன்.
மண்டோர் சிவப்பில் சுழித்து
பக்கத்தில் எழுதினார், பிழை.

மறு சுற்று வெள்ளிக்கிழமை.
கட்டி போதாது, ஸ்டோரில் கேட்கவேண்டும்.