கழித்தல் இல்லாத மொழி

தண்டர் பே துறைமுகத்தில்
கோதுமை வேகன்களை நிறுக்கும் நிரல்
டைஸ்தோ லெஹ்தினென் எழுதியது.
பதினோராயிரம் வரி.
இப்போது என் பொறுப்பில்.
ஒரு வரியைத் தொட்டால்
எங்கோ ஒரு வேகன் இருமும்.

அக்டோபரில் மாத்திரையை நிறுத்தினான்.
நடுக்கம் போச்சு பார் என்று
இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
போய்த்தான் இருந்தது.
நானும் மகிழ்ந்தேன்.
அதை எழுதாமல் விட முடியாது.

அந்த வாரம் அவன் எழுதியதை
எங்களில் யாரும் எழுதியிருக்க முடியாது.
மூன்று இரவு. ஒரு பிசிறு இல்லை.
நான்காம் இரவு
எடைமேடை தன்னிடம் பேசுவதாகச் சொன்னான்.
சிரித்தேன்.
அவன் நான் சிரித்து முடிக்கக் காத்திருந்தான்.

நவம்பரில் ஏரி கறுத்தது.
கழித்தல் குறி வரும் இடமெல்லாம்
ஒரு மாலுமி மல்லாந்து மிதக்கிறான் என்றான்.
எத்தனை பேரை மூழ்கடித்திருக்கிறோம் தெரியுமா,
ஒரு நாள் கணக்குக்கு மட்டும்?
இனிக் கழிக்க மாட்டேன், கூட்டியே முடிப்பேன் என்று
ஒரு மொழியையே புதிதாகச் செய்யத் தொடங்கினான்.
வேலை போனது.

டிசம்பரை அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.
என் கார்க் கண்ணாடியை உடைத்தான்.
வரவேற்பில் இருந்த கொலீட்டை
மாலுமிகளை விற்றவளே என்று கத்தினான்;
அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.
குளிக்காத நாற்றம் அவனுக்கு முன்னால் வந்து நின்றது.
அக்கா ஐலா
சூ சென்ட் மரியிலிருந்து பனியில்
எட்டு மணி நேரம் ஓட்டி வந்து மருத்துவமனையில் சேர்த்தாள்.
எழுபத்திரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள்.
அதற்குமேல் வைத்திருக்க அவன் சம்மதிக்கவில்லை,
அவர்களும் வற்புறுத்தவில்லை.
வெளியே வந்ததும் அதை நொடியாக்கிச் சொன்னானாம்:
இரண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு.
ஐலா போனிலேயே போட்டுப் பார்த்தாள்.
சரி.
அதற்குத்தான் அழுதேன் என்றாள்.

பிறகு வேன். ஏரிக்கரை.
மடிக்கணினி குளிரில் செத்தது.
பேன்கேக் கடைக்காரர் கொடுத்த ரசீதுச் சுருளில்
பென்சிலால் எழுதினான்,
தவறு வந்தால் அழிக்காமல்
மேலும் எழுதி
அதைச் சரியாக்கினான்.

பிப்ரவரியில் ஒருநாள்
சிக்னலில் என் காரைத் தட்டினான்.
"மேடை சரியா நிக்குதா?"
நிற்கிறது என்றேன்.
நான்கு விரல் அளவுக்குத்தான் இறக்கினேன்.
புதுக் கண்ணாடி.
அந்த இடைவெளியில் அவன் மூச்சு
வெள்ளையாக உள்ளே வந்தது.
பச்சை விழுந்தது.

மார்ச் ஆறு. வேனில் கண்டெடுத்தார்கள்.
பெட்ரோல் நிலையப் பலகையில் முப்பத்தொன்று.
அந்த எண்ணுக்கு முன்னால் கிடந்த குறியை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் பனி உடைந்து முதல் கப்பல் வந்தபோது
நிரலுக்குள் ஒரு துண்டு அகப்பட்டது.
பெயர்: புறா.
ஒன்பது வருடம் முன்பு,
அவன் நலமாக இருந்தபோது எழுதியது.
வேகன் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தால்
முந்நூற்று நாற்பது கிராமைக் கழி.
எங்கள் மேடையின் மிகச் சிறிய அலகு
இருபது கிலோ.
ஆயிரம் புறா உட்கார்ந்தாலும்
அந்த வரி ஒன்றுதான் கழிக்கும்,
ஒரு விடையையும் மாற்றாது.
தெரிந்தே எழுதியிருக்கிறான்.

நவம்பரில் அந்த ஒரு வரியை மட்டும்
திறந்து மாற்றியிருக்கிறான்.
கழித்த இடத்தில் கூட்டல்.
அவன் போட்டதில் நான் பார்த்த
ஒரே தப்புக் கணக்கு.

திருத்த அரை நிமிடம் போதும்.
இன்று நூற்றுப் பதினான்கு வேகன் போயின,
ஒவ்வொன்றிலும்
ஒரு புறா அதிகமாக.